குமரி மண்ணில் வீட்டுத் திராட்சை: கன்று வாங்குவது முதல் குலை அறுப்பது வரை

"இலை நல்லா வருது, குலை மட்டும் வரல்ல." எங்கள் பக்கம் வீட்டில் திராட்சைக் கொடி வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள். என் கொடியும் மூன்று வருடம் அப்படித்தான் நின்றது. கார் ஷெட்டை முழுக்க மூடி, பச்சைப் பசேலென்று நிழல் தந்தது. ஒரு குலைகூட இல்லை. பக்கத்து வீட்டு அக்கச்சி வந்து பார்த்துவிட்டு, "மக்கா, இது ஆண் கொடியாக்கும். வெட்டிப் போட்டுட்டு ஒரு முல்லை வை" என்றார். அந்த வருடம் மார்கழி பிறந்ததும் கத்தரியை எடுத்தேன். அடித்தண்டையும், பந்தலில் படுத்திருக்கும் இரண்டு பெரிய கிளைகளையும் விட்டுவிட்டு, ஓர் இலை பாக்கி வைக்காமல் மற்ற எல்லாவற்றையும் குட்டைக் குச்சிகளாகக் கழித்தேன். சித்திரை விஷுவுக்குக் கனி காணும் தட்டில், கணிக்கொன்றைப் பூவுக்குப் பக்கத்தில், என் வீட்டுக் கறுப்புத் திராட்சை இருந்தது. மொத்தம் பதினொரு குலை.

நம் மாவட்டத்தில் திராட்சைக்கு மண்ணோ தண்ணீரோ பெரிய தடை இல்லை. எந்த வாரத்தில் வெட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. அதனால் காரணத்தை முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் குழிக்கும் பந்தலுக்கும் வருகிறேன்.

நம் ஊரில் கொடி தூங்குவதில்லை

குளிர் நாடுகளில் திராட்சை பனிக்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கும். வெயில் வந்ததும் எல்லாக் கண்களும், அதாவது கணுவில் இருக்கும் மொட்டுகளும், ஒன்றாக விழித்துப் பூக்கும். குமரியில் பனிக்காலமே கிடையாது. வருடம் முழுக்க நுனிக் கண் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். குலையை உள்ளே வைத்திருக்கும் கண்கள் தூங்கிக்கொண்டே இருக்கும். வெறும் இலைப் பந்தல் உண்டாவது இப்படித்தான். தண்ணீரை நிறுத்தி, இலையை உருவி, கவாத்து செய்யும்போது, அதாவது குச்சிகளை வெட்டிக் கழிக்கும்போது, அந்தப் பனிக்காலத்தை நாம் கொடிக்குக் கொடுக்கிறோம்.

தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் இதை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். டிசம்பர், ஜனவரியில் வெட்டி ஏப்ரல், மே மாதங்களில் ஒரு அறுவடை. மே, ஜூனில் வெட்டி ஆகஸ்ட், செப்டம்பரில் இன்னொன்று. அதைப் பார்த்து நாமும் இரண்டு போகம் எடுக்கலாம் என்று கிளம்பினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். கம்பம் மலையின் மழை மறைவில் இருக்கிறது. நமக்கோ ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜூனில் வெட்டினால் பூவும் பிஞ்சும் மழையில் நின்று பூஞ்சாணத்துக்கு இரையாகும். ஜனவரி முதல் கோடை இடிமழை தொடங்கும் வரைக்குமான காய்ந்த நாட்கள் மட்டுமே நம் கையில் இருக்கின்றன. ஆகவே வருடத்துக்கு ஒரு போகம். அதைச் சரியாக எடுத்தால் போதும்.

மாவட்டத்துக்குள்ளும் வித்தியாசம் உண்டு. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் மழை குறைவு, காற்று அதிகம். கல்குளம், விளவங்கோடு பக்கம், அதிலும் பேச்சிப்பாறையை நெருங்க நெருங்க, மழையும் ஈரமும் கூடும். ரகம் தேர்வு செய்யும்போது இதை மனதில் வையுங்கள்.

எந்தக் கலப்பினம்?

காய்கறி விதையில் "ஹைபிரிட்" என்றால் ஒவ்வொரு முறையும் விதை வாங்க வேண்டும். திராட்சையில் அப்படி இல்லை. இரண்டு ரகங்களை ஒருமுறை கலந்து, பிறந்த நாற்றுகளில் நல்லதைத் தேர்ந்தெடுத்து, அதற்குப் பிறகு குச்சி வெட்டியே பெருக்குகிறார்கள். ஆகவே கலப்பினக் கொடியின் குச்சியை நட்டாலும் அதே பழம்தான் வரும். விதை போட்டால்தான் குணம் மாறிப்போகும்.

பெங்களூரு ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் "அர்கா" என்ற பெயரில் பல கலப்பினங்களை வெளியிட்டிருக்கிறது. நான் வைத்திருப்பது அர்கா நீலமணி. பிளாக் சம்பாவையும் தாம்சன் சீட்லெஸ்ஸையும் கலந்து உருவாக்கியது. கறுப்புப் பழம், விதை கிடையாது, கடித்தால் மொறுமொறுவென்று இருக்கும், நல்ல இனிப்பு. துளிரிலும் காயிலும் குழிப் புள்ளி விழும் பறவைக்கண் நோயை ஓரளவு தாங்கும் என்பது நமக்குப் பெரிய விஷயம். கிழக்குப் பகுதிக்காரர்கள் இதைத் தாராளமாக வைக்கலாம்.

மேற்கே, மழை கூடிய இடங்களில் இருப்பவர்களுக்கு அர்கா ஷியாமைச் சொல்வேன். பெங்களூர் ப்ளூவும் பிளாக் சம்பாவும் சேர்ந்தது. விதை இருக்கும், பெங்களூர் ப்ளூவின் அந்தத் தனி வாசனையும் கொஞ்சம் இருக்கும். ஆனால் பறவைக்கண் நோயை நன்றாகத் தாங்கும். பச்சைத் திராட்சை வேண்டுமென்றால் அனாப்-இ-ஷாஹியும் தாம்சனும் கலந்த அர்கா ஸ்வேதா உண்டு. நம் எல்லோருக்கும் பழக்கமான பன்னீர் திராட்சையும், அதாவது மஸ்கட் ஹாம்பர்க், ஐரோப்பாவில் பிறந்த ஒரு கலப்பினமே. மணத்தில் அதற்கு ஈடு இல்லை, நூறு நாளில் பழுத்தும் விடும். ஆனால் ஈரக் காற்றில், இலையின் அடியில் வெள்ளையாய்ப் படரும் அடிச்சாம்பல் நோய் முதலில் தேடி வருவது அதைத்தான்.

கன்று வாங்கும்போது ஏமாறக்கூடாது. என் முதல் கொடி "விதையில்லாதது" என்று சொல்லி ஒரு நர்சரியில் கொடுத்தது. வளர்ந்த பிறகு பார்த்தால் விதை நிறைந்த வேறு ஏதோ ரகம். அதைப் பிடுங்கிவிட்டு மறுபடி ஒன்று வைத்ததில் இரண்டு வருடம் போனது. இலையை வைத்து ரகம் கண்டுபிடிப்பது சாதாரணமாக முடியாத காரியம். ஆராய்ச்சி நிறுவனத்தின் நர்சரி, அரசுத் தோட்டக்கலைப் பண்ணை, அல்லது காய்த்த தாய்க்கொடியைக் கண்ணால் காட்டுகிறவர், இப்படி நம்பிக்கையான இடத்தில் வாங்குங்கள். பழம் தின்று பார்த்த கொடியிலிருந்து குச்சி கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை.

ஒட்டுக்கன்று கிடைத்தால் விட வேண்டாம். டாக்ரிட்ஜ் என்ற வேர்ச்செடியில் (வேருக்காக மட்டும் வளர்க்கும் வேறொரு திராட்சை) ஒட்டிய கன்று வறட்சியையும் ஓரளவு உப்புத் தண்ணீரையும் தாங்கும். கடற்கரைப் பக்கம் போர் தண்ணீர் சவர்ப்பாக இருக்கும் வீடுகளுக்கு இது மிகவும் உதவும். ஒன்று கவனம்: ஒட்டுக்குக் கீழே இருந்து வரும் துளிர்களை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும். விட்டால் மேலே ஒட்டியது மெலிந்து சாகும். வேர்ச்செடி பந்தல் முழுக்க ஏறும். நமக்கு வேண்டிய பழம் அதில் வராது. "ஆண் கொடி" என்று சொல்லப்படுவதில் சில உண்மையில் இப்படி ஆனவையாக இருக்கலாம். மற்றதெல்லாம் கவாத்து காணாத கொடிகள்.

இடமும் பந்தலும்

ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். நம் வீடுகளைச் சுற்றித் தென்னையும் மாவும் பலாவும் நிற்கும். அவற்றின் நிழலில் வைத்தால் கொடி ஏறும், காய்க்காது. தெற்கோ கிழக்கோ திறந்த இடம் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் தரையில் நட்டுத் தண்டை மொட்டைமாடிக்கு ஏற்றிவிட்டு, அங்கே பந்தல் போடலாம். பல வீடுகளுக்கு இதுதான் சிறந்த வழி. மாடியிலேயே டிரம்மில் வளர்ப்பதும் நடக்கும், குறைந்தது 100 லிட்டர் கொள்ளளவு வேண்டும். ஆனால் தண்ணீருக்கு ஒரு நாள் தவறினாலும் பிஞ்சு உதிரும்.

பந்தலைக் கமுகு வாரியிலும் கயிற்றிலும் போட்டால் இரண்டு மழைக்குள் உளுத்துவிடும். கொடி பதினைந்து வருடத்துக்கு மேல் நிற்கக்கூடியது. அதற்கேற்ற பந்தல் வேண்டும். ஜி.ஐ. பைப் அல்லது கான்கிரீட் கால் நான்கு, ஆறரை அடி உயரம், மேலே ஒரு அடிக்கு ஒரு கம்பி. ஒரு கொடிக்குப் பத்துக்குப் பன்னிரண்டு அடிப் பந்தல் போதும். 2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் அடித்ததைப் பார்த்தவர்களுக்குப் பந்தல் கால்களை எவ்வளவு ஆழம் ஊன்ற வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று விழும் தோவாளைப் பக்கத்தில் மேற்கே ஒரு தடுப்பும் வேண்டும். மதிலாக இருந்தாலும் சரி, அகத்தி வரிசையாக இருந்தாலும் சரி.

குழி

மூன்றடி நீளம், அகலம், ஆழம். சரளை கலந்த செம்மண்ணில் இதைத் தோண்ட ஒரு ஆளுக்கு அரை நாள் பிடிக்கும். ஆனாலும் ஆழத்தைக் குறைக்க வேண்டாம். இரண்டு வாரம் வெயில் காயவிடுங்கள். அடியில் உடைத்த ஓடோ சரளையோ அரையடி போடுங்கள். திராட்சை வேர் தேங்கிய தண்ணீரில் நிற்காது. வயல் நிரத்திய மனை என்றால் குழியைவிட மேடு கட்டி நடுவதே நல்லது.

நம் செம்மண் பெரும்பாலும் புளிப்புத் தன்மை உள்ளது. எடுத்த மண்ணோடு அரைக்கிலோ நீற்றுச் சுண்ணாம்பைக் கலந்து ஒரு வாரம் விடுங்கள். அப்புறம் நன்றாக மக்கிய சாணம் இரண்டு மூன்று கூடை, வேப்பம் பிண்ணாக்கு ஒரு கிலோ, எலும்புத்தூள் அரைக்கிலோ சேர்த்துக் குழியை நிரப்புங்கள். வேப்பம் பிண்ணாக்கு முக்கியம். வேர்முடிச்சு நூற்புழு திராட்சைக்குப் பெரிய எதிரி. முன்பு தக்காளி, வெண்டை, கத்தரி வைத்த மண்ணில் அது இருக்க வாய்ப்பு அதிகம். பச்சைச் சாணம் போடவே கூடாது.

நடுவது எப்போது?

வழக்கமான பரிந்துரை ஜூன், ஜூலை. நான் தை மாதம் நடச் சொல்வேன். ஜூனில் நட்ட இளங்கன்றின் துளிர் மீது நம் ஊர் மழை இடைவிடாமல் விழும்; துளிரெல்லாம் கறுத்துப் போவதை இரண்டு முறை பார்த்துவிட்டேன். தையில் நட்டால் தண்ணீர் ஊற்றும் வேலை நமக்கு. ஆனால் மழை வருவதற்குள் தண்டு முற்றிப் பந்தலைத் தொட்டிருக்கும். சாயங்காலம் நடுங்கள். ஒட்டு மண்ணுக்கு நான்கு விரல் மேலே இருக்கட்டும். நட்டவுடன் தண்ணீர், மூன்றாம் நாள் ஒரு தண்ணீர், பிறகு மண்ணைத் தொட்டுப் பார்த்து ஊற்றுங்கள். கதம்பையை (தேங்காய் மட்டையை) கவிழ்த்து அடுக்கியோ சருகு போட்டோ மூடினால் ஈரம் நிற்கும். தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் விட்டுப் போடுங்கள், இல்லையென்றால் கறையான் வரும்.

முதல் வருடம்: ஒரே தண்டு

நட்ட கன்றில் நான்கைந்து துளிர் வரும். எல்லாம் அழகாகத்தான் இருக்கும். வலுவான ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். அந்த ஒன்றை மூங்கில் கம்பில் ஒரு சாணுக்கு ஒரு கட்டு என்று சணலால் கட்டி நேராக ஏற்றுங்கள். இலைக்கணுவில் வரும் பக்கத் துளிர்களையும், எதிர்ப்பக்கம் வரும் பற்றுச் சுருள்களையும் நீக்கிக்கொண்டே வாருங்கள். சுருள் கம்பியைப் பிடித்து மரக்கட்டை போல் இறுகினால் பின்னால் வெட்ட முடியாது.

பந்தலுக்கு அரையடி கீழே தண்டு வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். கீழே இரண்டு துளிர் கிளம்பும். ஒன்றைக் கிழக்கே, ஒன்றை மேற்கே கம்பியில் படுக்க வையுங்கள். இவைதான் கைகள். கைகளில் ஒரு அடிக்கு ஒன்றாகக் கிளைகளை விட்டு, பன்னிரண்டு முதல் பதினைந்து கண் வந்ததும் அவற்றின் நுனியையும் கிள்ளுங்கள். கிள்ளக் கிள்ளத்தான் குச்சி தடிக்கும். முதல் மார்கழியில் குச்சிகள் பென்சில் தடிமன் இருந்தால் சில குலை எடுக்கலாம். இல்லையென்றால் இரண்டு கண் விட்டு வெட்டி, இன்னும் ஒரு வருடம் கொடுங்கள். அவசரப்பட்டால் கொடி மெலிந்துவிடும்.

மழைக்காலத்தைத் தாண்டுவது

அறுவடை முடிந்த கொடிக்குச் சித்திரையில் ஒரு அடிக்கவாத்து உண்டு. காய்த்த குச்சிகளை ஒன்று, இரண்டு கண் விட்டு வெட்ட வேண்டும். பலரும் இதைச் சோம்பலில் மேயைத் தாண்டி இழுத்துவிடுகிறார்கள். அடுத்த வருடக் குலை கண்ணுக்குள் உருவாவது இந்த வெட்டுக்குப் பிறகு வரும் புதுக் குச்சியில்தான், அதுவும் ஏறக்குறைய 45 முதல் 60 நாளுக்குள். அந்த நாட்களில் குச்சிமேல் வெயில் விழ வேண்டும். ஏப்ரல் மூன்றாம் வாரம் வெட்டினால் அந்தக் காலம் ஜூன் நடுவில் முடிந்துவிடும். மேகம் மூடுவதற்கு முன்பே பெரும்பகுதி கடந்திருக்கும். ஜூனில் வெட்டினால் கண் உருவாகும் நாளெல்லாம் மேகமூட்டம், அடுத்த கவாத்துக்குப் பிறகு குலைக்குப் பதில் வெறும் சுருள்தான் வரும். பந்தலுக்குக் கீழே நின்று மேலே பாருங்கள். ஆங்காங்கே வானம் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் கிளைகளைக் கலைத்து எடுங்கள்.

ஜூன் முதல் நவம்பர் வரை இலைகளைக் காப்பாற்றுவதே வேலை. இலை எல்லாம் அக்டோபரில் நோயில் உதிர்ந்துவிட்டால் குச்சி முற்றாது, பச்சையாகவே நிற்கும். மழை விடும் இரண்டு நாள் இடைவெளியில், மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை அடியுங்கள். அதைத் தயாரிக்கும் முறையைக் கீழே சொல்கிறேன். விழுந்த இலைகளைப் பெருக்கி எரித்துவிடுங்கள், உரக்குழியில் போட வேண்டாம். இந்தக் காலத்தில் தழைச்சத்து உரம் எதுவும் கூடாது.

மார்கழிக் கவாத்து

மார்கழி ஒன்று பெரும்பாலும் டிசம்பர் 16. அன்றிலிருந்து சித்திரை விஷு வரை ஏறக்குறைய 120 நாள். அர்கா நீலமணிக்கு என் வீட்டில் ஏறத்தாழ அவ்வளவுதான் ஆகிறது. பன்னீர் வைத்திருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம், மார்கழித் திருவிழாவில் சுசீந்திரம் தேர் ஓடி முடிந்த பிறகு வெட்டலாம். டிசம்பர் நடுவிலும் மழை கொட்டிக்கொண்டிருந்தால் ஒரு வாரம் பொறுங்கள்.

வெட்டுவதற்கு 15 நாள் முன்பே தண்ணீரை நிறுத்த வேண்டும். மழை பெய்தால் நாம் ஒன்றும் செய்ய முடியாது. தார்ப்பாயை வேரைச் சுற்றி விரித்துத் தண்ணீரை வெளியே வடிப்பதுண்டு, எனக்கு அது பயன்பட்டது. வெட்டும் நாளுக்கு ஒரு வாரம் முன்பு இலைகளைக் கையால் உருவிவிடுங்கள். கண் வீங்கத் தொடங்கும்.

கத்தரி கூர்மையாக இருக்கட்டும், டெட்டாலிலோ ஸ்பிரிட்டிலோ துடைத்துக்கொள்ளுங்கள். ஒரு குச்சியைக் கையில் எடுத்துப் பாருங்கள். முற்றியது காபி நிறத்தில் இருக்கும், பட்டை வரிவரியாக இருக்கும், வளைத்தால் விறைப்பாக எதிர்க்கும். நுனிப்பக்கம் போகப் போகப் பச்சையாகும், அது வேண்டாம். கையோடு சேரும் இடத்திலிருந்து கண்களை எண்ணுங்கள். அர்கா கலப்பினங்களுக்கும் பன்னீருக்கும் நான்கு கண் என்பது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. மெலிந்த, முற்றாத குச்சியை ஒன்று, இரண்டு கண்ணோடு நிறுத்த வேண்டும்; அது அடுத்த வருடத்துக்கு. முதல் தடவை வெட்டுகிறவர்கள் சில குச்சிகளை நான்கு கண்ணிலும், சிலவற்றை ஐந்து, ஆறு கண்ணிலும் வெட்டி, நூல் கட்டி அடையாளம் வையுங்கள். உங்கள் வெயிலுக்கும் உங்கள் கொடிக்கும் எந்தக் கண்ணில் குலை வருகிறது என்று ஏப்ரலில் தெரிந்துவிடும். கடைசிக் கண்ணுக்கு ஒரு விரல் மேலே, சாய்வாக வெட்டுங்கள்.

முதல் முறை வெட்டியபோது நான் பயந்தது வெட்டிய முனையில் தண்ணீர் சொட்டியதைப் பார்த்துத்தான். காலையில் வந்து பார்த்தால் ஒவ்வொரு குச்சி நுனியிலும் ஒரு துளி பளபளத்துக்கொண்டு நிற்கிறது, கீழே தரை நனைந்திருக்கிறது. கொடி செத்துவிட்டது என்றே நினைத்தேன். வேர் உயிரோடு இருந்து தண்ணீரை ஏற்றுகிறது என்பதற்கான அடையாளம் அது. சில நாளில் தானாக நிற்கும். வெட்டிய அன்றே தண்டிலும் கைகளிலும் உரிந்து தொங்கும் பழைய பட்டையைத் தேய்த்து எடுத்துவிட்டு, எல்லா இடத்திலும் போர்டோ கலவை நனைய அடித்துவிடுங்கள். மாவுப்பூச்சி ஒளிவது அந்தப் பட்டைக்குள்தான். கண் ஒரே சீராக விழிக்கப் பெரிய தோட்டங்களில் ஹைட்ரஜன் சயனமைடு தடவுவார்கள். அது கடும் விஷம், வீட்டில் தொடவே வேண்டாம்.

அப்புறம் வேரைச் சுற்றி இரண்டடி தள்ளிக் கிளறி, மக்கிய சாணம் இரண்டு கூடை, வேப்பம் பிண்ணாக்கு, கடலைப் பிண்ணாக்கு தலா ஒரு கிலோ, அடுப்புச் சாம்பல் இருந்தால் இரண்டு கை போட்டு மூடி, நிறையத் தண்ணீர் விடுங்கள்.

பொங்கலிலிருந்து பங்குனி வரை

வெட்டிய பத்து முதல் பதினைந்து நாளில் கண்கள் இளஞ்சிவப்பாய் வெடிக்கும். மூன்று வாரத்தில், நான்காவது ஐந்தாவது இலைக்கு எதிரே, கடுகு கோத்ததுபோல் பச்சையாய் ஒரு சின்னக் குலை தெரியும். அதைப் பார்க்கும் நாள்தான் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த நாள். குலை இல்லாத துளிர்களில் பாதியை அப்போதே நீக்கிவிடலாம். ஒரு துளிருக்கு ஒரு குலை போதும், இரண்டு வந்தால் சின்னதை எடுங்கள். முதல் காய்ப்பில் பத்துப் பன்னிரண்டு குலைக்கு மேல் விடக்கூடாது; வளர்ந்த கொடிக்கு இருபத்தைந்து, முப்பது வரை விடலாம்.

பொங்கல் கழிந்த பத்து நாளில் பூ. அந்த ஒரு வாரம் தண்ணீரைக் கொஞ்சம் குறையுங்கள், மருந்து எதுவும் அடிக்க வேண்டாம். பிஞ்சு பட்டாணி அளவு வந்ததும் சின்னக் கத்தரியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு குலையிலும் நெருக்கமாக இருக்கும் காய்களில் நான்கில் ஒரு பங்கை வெட்டிவிட வேண்டும். மனசு வராது. ஆனால் நெருங்கிய குலையில் நடுவில் ஒரு காய் வெடித்தால் குலையே அழுகிவிடும். கடையில் வரும் விதையில்லாத் திராட்சைக்குப் பெரும்பாலும் ஜிப்ரலிக் அமிலம் தெளித்துப் பருமன் ஏற்றுவார்கள். வீட்டில் அது தேவையில்லை. நம் காய் சின்னதாக இருக்கும், சுவை குறையாது.

பிப்ரவரி, மார்ச்சில் வளர்ந்த கொடிக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை முப்பது, நாற்பது லிட்டர் ஊற்றுகிறேன். மணலாக இருந்தால் இடைவெளியைக் குறைக்க வேண்டும். காய்ந்து கிடந்த கொடிக்கு ஒரே நாளில் வெள்ளமாக விட்டால் காய் வெடிக்கும், சீராக இருக்கட்டும். காய் வளரும்போது சாம்பல் சத்து வேண்டும். பொட்டாசியம் சல்பேட் லிட்டருக்கு ஐந்து கிராம் கரைத்து, பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை இலைமேல் தெளித்தேன், பலன் தெரிந்தது.

மாசியில் மண்டைக்காடு கோயில் கொடை நடக்கும் சமயத்தில் காய்கள் ஒவ்வொன்றாக நிறம் மாறத் தொடங்கும். அப்போதிலிருந்து தண்ணீரைக் குறைத்து, அறுவடைக்குப் பத்து நாள் முன்பு நிறுத்துங்கள்.

நோய்களும் போர்டோ கலவையும்

மூன்று நோய்களை இலையைப் பார்த்தே பிரித்தறியப் பழகிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் மருந்து வேறு. இலையின் மேலே எண்ணெய் பட்டதுபோல் மஞ்சள் திட்டு, காலையில் திருப்பிப் பார்த்தால் அதே இடத்தில் அடியில் வெள்ளைப் பஞ்சு: இது அடிச்சாம்பல் நோய். ஈரத்தில் வரும், இரண்டு நாளில் பரவும். துளிரிலும் காயிலும் ஓரம் கறுத்து நடுவில் சாம்பல் நிறத்தில் குழிந்த புள்ளி, பார்க்கப் பறவையின் கண் போலவே இருக்கும்: பறவைக்கண் நோய். இரண்டுக்கும் போர்டோ கலவை கேட்கும். இலையின் மேல்பக்கம் மாவு தூவியதுபோல் இருந்தால் அது சாம்பல் நோய். மழை இல்லாத ஜனவரி, பிப்ரவரியிலும் வரும். அதற்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு இரண்டு கிராம், சாயங்காலம் மட்டும். கடும் வெயிலில் அடித்தால் இலை பொசுங்கும்.

போர்டோ கலவை கடையில் வாங்குவதைவிட வீட்டில் கலக்குவதே நல்லது. மயில்துத்தம் 100 கிராமை ஒரு பிளாஸ்டிக் வாளியில் ஐந்து லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். கல்லாக இருக்கும், துணியில் கட்டி இரவே தண்ணீரில் தொங்கவிட்டால் காலையில் கரைந்திருக்கும். இன்னொரு வாளியில் 100 கிராம் சுட்ட சுண்ணாம்பில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, கொதித்து அடங்கியதும் ஐந்து லிட்டராக்கி வடிகட்டுங்கள். மூன்றாவது வாளியில் இரண்டையும் ஒரே நேரத்தில் ஊற்றிக் குச்சியால் கலக்க வேண்டும். வானத்தின் நீலம் வரும். இரும்புப் பாத்திரம் கூடாது. துடைத்த இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம். இன்னும் சுண்ணாம்புத் தெளிவை ஊற்றி, படியாமல் வரும் வரை பாருங்கள். இதைச் செய்யாமல் அடித்தால் துளிர் கருகிவிடும். இளந்துளிருக்குப் பாதி அளவுக் கலவை போதும். கலந்த அன்றே அடித்து முடிக்க வேண்டும், மிச்சம் வைக்கக்கூடாது. காய் நிறம் மாறத் தொடங்கிய பிறகு அடிக்கவே வேண்டாம்.

மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் ஐந்து மில்லி, சோப்புக் கரைசல் சேர்த்து ஒரு லிட்டரில். கந்தகம் அடித்த இரண்டு வாரத்துக்குள் எண்ணெய் அடிக்காதீர்கள். எறும்பு ஏறினால் மாவுப்பூச்சியும் கூடும், அதனால் தண்டில் ஒரு துணியைச் சுற்றி வேப்பெண்ணெய் நனைத்து வையுங்கள்.

வௌவாலுக்கு முன்னால்

பழம் இனிக்கிறது என்று நமக்கு முன்பே அணிலுக்குத் தெரிந்துவிடும். இரவில் வௌவால் வரும். நிறம் மாறத் தொடங்கியதுமே ஒவ்வொரு குலையையும் நெட் துணிப் பையில் போட்டு மேலே கட்டிவிடுங்கள். பழைய கொசுவலையைத் தைத்தால் போதும், வருடா வருடம் துவைத்து எடுக்கலாம். பாலித்தீன் கவர் வேண்டாம், உள்ளே வேர்த்து அழுகும். வீட்டில் நாய் இருந்தால் உதிர்ந்த பழங்களை உடனே பொறுக்கிவிடுங்கள். திராட்சை நாயின் சிறுநீரகத்துக்கு ஆகாது.

கறுத்துவிட்டது என்று உடனே அறுக்கக்கூடாது. திராட்சை பறித்த பிறகு பழுக்காது, மாம்பழம் போல் வைக்கோலில் வைத்தெல்லாம் இனிப்பேற்ற முடியாது. நிறம் முழுக்க வந்த பிறகும் இரண்டு மூன்று வாரம் கொடியிலேயே விடுங்கள். குலையின் அடிநுனிக் காயைப் பறித்துத் தின்று பாருங்கள். கடைசியாக இனிப்பது அதுதான். அது இனித்தால் குலையை அறுக்கலாம். காலையில் பனி உலர்ந்ததும், காம்போடு, கத்தரியால்.

மார்கழியில் வெட்டிய குச்சிகளை நான் வீசுவதில்லை. பென்சில் தடிமனில் முற்றியதாகப் பார்த்து, நான்கு கண் உள்ள துண்டுகளாக நறுக்கி, அடிப்பக்கம் கணுவுக்குக் கீழே நேராகவும் மேலே சாய்வாகவும் வெட்டி, மணலும் மக்கிய சாணமும் கலந்த கவரில் இரண்டு கண் மண்ணுக்குள் போக நடுகிறேன். நிழலில் வைத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு மாதத்தில் வேர் பிடித்துத் துளிர்த்துவிடும். போன வருடம் வைத்ததில் இரண்டை அக்கச்சி வாங்கிப் போனார். ஒன்று அவர் வீட்டு மதில் ஓரத்தில், முல்லைக்குப் பக்கத்தில், இப்போது இடுப்புயரம் வந்திருக்கிறது. பக்கத் துளிர்களைக் கிள்ள நான்தான் போகிறேன்.